மோடத்தைப் பீரோவில் பூட்டிய கதை

என் உடம்பில் இதுவரை எவ்வளவு கதிர்வீச்சு பட்டிருக்கிறது என்று கேட்டால், புள்ளி வைத்துச் சொல்லிவிடுவேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சட்டைப் பையில் ஒரு பேட்ஜைக் குத்திக்கொண்டு திரிந்தவன் நான். அவ்வப்போது அதைக் கழற்றி வாங்கிப்போய் அளந்துவிட்டு, ‘கவலைப்படாதே, நீ இன்னும் மனுஷன்தான்’ என்ற பொருளில் ஓர் எண்ணைத் தருவார்கள். ஆனால் என் மகளுக்கு எது பட்டது, எங்கே பட்டது என்று கண்டுபிடிக்க எனக்கு அரை வருஷம் ஆனது. அதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. அவளே சொன்னாள்.

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமத்தில், ஏர் ஓட்டிய குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவன் நான். அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ். வேலை, அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு. புதிதாகச் சேருகிற பையன்களுக்கு வகுப்பெடுப்பேன். மூன்றே வார்த்தைகள்தான் பாடம்: நேரம், தூரம், தடுப்பு. ஆபத்தான பொருளின் அருகில் குறைந்த நேரம் இரு. முடிந்தவரை தள்ளி நில். நடுவில் ஒரு சுவர் எழுப்பு. இந்த மூன்றும் தெரிந்தவன் எதற்கும் பயப்பட வேண்டாம் என்று மேசையைத் தட்டிச் சொல்லுவேன். பையன்கள் எழுதிக்கொள்வார்கள். பாவம்.

தொண்ணூறுகளில் எங்கள் குடியிருப்புக்கு வலைத்தளம் என்றால் ஆபீஸ் பஸ்தான். யார் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்தது என்று முன்சீட்டில் கிளம்பும் செய்தி, கடைசி சீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் இரண்டு கதவு ஃப்ரிட்ஜாக வளர்ந்திருக்கும். அதைக் கேட்டு யாருக்காவது வயிறு எரிந்தாலும், சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது எரிச்சலும் இறங்கிவிடும். இரண்டாயிரத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்த பிராட்பேண்டில் இறங்குவதற்கு ஸ்டாப்பிங் இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

மகள் அப்போது பத்தாவது. வெளிர் நீல நிறத்தில் ஒரு வலைத்தளம் இருந்தது. இப்போது அதை இழுத்து மூடிவிட்டார்கள். ஆளாளுக்கு ஒரு பக்கம், அதில் ஒரு போட்டோ, நண்பர்களின் வரிசை. நண்பர்கள் வந்து ‘ஹாய்’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். ரொம்ப நெருக்கமானவர்கள் நம்மைப் புகழ்ந்து ஒரு பத்தி எழுதித் தருவார்கள். அதற்கு டெஸ்டிமோனியல் என்று பெயர். நம் பக்கத்தில் அது கல்வெட்டு மாதிரி நிற்கும். அந்த வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் அதில்தான் குடியிருந்தார்கள்.

தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் என் மனைவிதான் முதலில் ஆரம்பித்தாள்.

“இன்னாங்க, பொண்ணு மூஞ்சியப் பாத்தீங்களா?”

“பாத்தேனே. நல்லாத்தானே கீது?”

“நல்லாக் கீதா? இட்லிய வெச்சா அதப் பிச்சிப் பிச்சிப் போட்டுகினு ஒக்காந்துகினு கீறா. சைக்கிள எடுத்துகினு சுத்துவாளே, அதுவும் இல்ல. இன்னா ஏதுன்னு கேளுங்க.”

“கேக்கறேன், கேக்கறேன்.”

நான் கேட்கவில்லை. ஆலையைப் பார்க்க வருகிற வெளியூர் விருந்தாளிகளிடம் நியூட்ரானைப் பற்றி நிறுத்தாமல் பேசக்கூடியவன் நான். மகளிடம் பேசுவதற்கு என்னிடம் இருந்த வாக்கியங்கள் மூன்று. சாப்டியா, படிச்சியா, லைட்ட அணைச்சியா. நாலாவதைத் தயாரிக்கத் தெரியாததால், எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். அளந்தேன். பள்ளிவிட்டு வந்ததும் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதைப் பார்த்தேன். எழுந்திருக்கும்போது முகம் வாடியிருப்பதைப் பார்த்தேன். ஆக, கதிர்வீச்சு மூலம் அகப்பட்டுவிட்டது. இனி, பாடத்தில் இருக்கிறபடி நடவடிக்கை.

முதலில் நேரம். ஒரு நாளைக்கு அரை மணி என்று உச்சவரம்பு விதித்தேன். அதற்கு ஒரு டைமர் வேண்டுமென்று செங்கல்பட்டில் பாத்திரக்கடையில் கேட்டதற்குக் கோழி வடிவத்தில் ஒன்றுதான் கிடைத்தது. நேரம் முடிந்ததும் அது கூவும். ஒரு வாரம் கழித்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் கதவைத் தட்டி, “சார், கோழி வளர்க்க இங்க பர்மிஷன் கெடையாது, தெரியும்ல?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்தது தூரம். மானிட்டரைச் சுவர்வரைக்கும் தள்ளி, நாற்காலிக்குத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கையை நீட்டி அவள் டைப் அடிப்பதைப் பார்த்தால் பஸ் ஓட்டுவதுபோல் இருக்கும். எதற்கும் மறுப்பு சொல்லவில்லை. முன்பெல்லாம் என்னைக் கிண்டல் செய்தே வீட்டை இரண்டாக்குவாள். இப்போது “சரிப்பா” என்பாள். அவ்வளவுதான். என் திட்டம் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முகம் மட்டும் தெளியவில்லை. அப்படியானால் உள்ளே புகுந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் முடியாது, மாட்டிக்கொள்வேன். சிங்கப்பெருமாள் கோயிலில் என் மனைவியின் தம்பி பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை, “நெலத்தப் பாத்துட்டு வரேன்” என்று கிளம்பினேன். என் அப்பா இருந்தவரை நிலத்தின் பக்கம் எட்டிப்பார்க்காதவன் என்பதால் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

மச்சான் என்னைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்தான்.

“வா மாமா! இன்னா, இந்தப் பக்கம்? நெலத்த வித்துட்டியா?”

“கத்தாதடா. புள்ளைங்கல்லாம் ஒரு சைட்ல பேசிகினு கீதுங்களே, அதுல எனக்கு ஒரு பக்கம் தொறந்து குடு.”

அவன் என் தலையைப் பார்த்தான். அப்போதே முன்பக்கம் வெட்டவெளி.

“உனுக்கா?”

“எனக்குத்தான்.”

“அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப இன்னிக்கி நாஸ்தா உன்னுது.”

போட்டோ வேண்டுமென்றான். பர்ஸில் இருந்த ஆபீஸ் அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்தேன். ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, “இன்னா மாமா, போலீஸ் ஸ்டேஷன் செவுத்துல ஒட்டற மாதிரி கீது. கொஞ்சம் சிரிச்ச மாதிரி எதுனா இல்லியா?” என்றான். இல்லை. எதில் ஆர்வம் என்று தளம் கேட்டது. ‘கதிர்வீச்சுப் பாதுகாப்பு’ என்று நிரப்பினேன். மச்சான் நெற்றியில் அடித்துக்கொண்டு வேறு கஸ்டமரைப் பார்க்கப் போனான்.

பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து மகளின் பக்கத்தைத் திறந்தேன். ஜிகினா மின்னும் கரடி பொம்மை. ‘குட் மார்னிங்.’ ‘ஹாய் டி.’ யாரோ ஒருத்தி கணக்குப் பாடத்தைத் திட்டியிருந்தாள். தப்பான வார்த்தை ஒன்றில்லை, பையன் எவனும் வாலாட்டவில்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் போய்ப் பார்த்தேன். அதே கரடி. ஒரு கருவி பூஜ்யம் காட்டினால், ஒன்று அங்கே கதிர்வீச்சு இல்லை, இல்லாவிட்டால் கருவி கெட்டுப்போயிருக்கிறது. வகுப்பில் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். இங்கே கருவி நானாக இருந்ததால் இரண்டாவது சாத்தியம் எனக்குத் தோன்றவில்லை. எங்கேயோ மறைக்கிறாள் என்று முடிவுகட்டினேன்.

பப்ளிக் எக்ஸாமும் நெருங்கிவிட்டது. தடுப்பு என்கிற மூன்றாவது பாடத்துக்குப் போனேன். மோடத்தைக் கழற்றி, மனைவியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவில், அந்துருண்டை வாசனையில் வைத்து, இரும்புப் பீரோவைப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

மகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம், “சரிப்பா.”

பரீட்சை எழுதினாள். நன்றாகவே எழுதினாள். முடிந்த பிறகு மோடத்தைக் கேட்பாள், ஒரு சொற்பொழிவாற்றிவிட்டுக் கொடுக்கலாம் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

“பிளஸ் ஒன்னுக்கு என்ன ஹாஸ்டல்ல சேத்துடுப்பா. விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்கூல் கீது. அங்க கம்ப்யூட்டர் கெடையாது, செல்லும் கெடையாதாம். உனக்குப் புடிக்கும்.”

எனக்குப் பெருமை பொங்கியது. படுக்கப் போகும் முன் மனைவியிடம், “பாத்தியா? தானா பொறுப்பு வந்திடுச்சி” என்றேன்.

அவள் அழுதுகொண்டிருந்தாள். “பொறுப்பா? பொண்ணு வூட்ட வுட்டே போறேங்கறா. அங்க காலையில பூட்டுனா ராத்திரிதான் தொறப்பானுங்களாம். இந்த வூட்டுல இருக்க முடியாத அளவுக்கு அவளுக்கு இன்னாமோ கீது. இன்னான்னு கேளுங்கன்னு எத்தினி மாசமா சொல்லிகினு கீறேன்!”

அப்போதுதான் அவள் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஆனாலும் விண்ணப்பம் போட்டாயிற்று. நுழைவுத் தேர்வுக்கு நாளும் சொல்லிவிட்டார்கள். எழுதினால் அவளுக்கு இடம் கிடைத்துவிடும். கிடைத்தால் போய்விடுவாள். கேட்க வேண்டும், கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்து, தினமும் “சாப்டியா?” என்று கேட்டேன்.

இதற்கிடையில் எனக்கே வியாதி கண்டிருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. உளவு பார்க்கப் போன இடத்தில் என் காலேஜ் ஹாஸ்டல் சகாக்கள் அகப்பட்டார்கள். ஒவ்வொருத்தனாகத் தேடிப்பிடித்து நட்பு விண்ணப்பம் அனுப்பினேன். அவன்களுக்கெல்லாம் வண்டி வண்டியாக நண்பர்கள். எனக்கு மச்சான் ஒருத்தன், அதுவும் நாஸ்தா கணக்கில். ஒருத்தனுக்குப் பழைய நாளெல்லாம் ஞாபகப்படுத்தி உருகி உருகி ஒரு டெஸ்டிமோனியல் எழுதினேன். பதிலுக்கு அவனும் எழுதுவான் என்று நாலு ஞாயிறு காத்திருந்தேன். ‘tnx da’ என்று ஒரு வரி வந்தது. நன்றி சொல்ல ஓர் உயிரெழுத்தைக்கூட எனக்காகச் செலவழிக்கவில்லை, படுபாவி.

மகளின் தேர்வுக்கு முந்திய ஞாயிறு அவன் பக்கத்தில் ஒரு புதுப் படம். மாமல்லபுரம். சரிவில் நிற்கிற அந்த உருண்டைப் பாறையை எட்டுப் பேர் சேர்ந்து தள்ளுவதுபோல் நிற்கிறான்கள். எல்லாம் என் ஹாஸ்டல் சகாக்கள். கீழே ஒரு வரி: ‘எல்லா நாய்களும் கூடியாச்சு!’

அணுபுரத்தில் பஸ் ஏறினால் ஒரு கோழித்தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும் ஊர் மாமல்லபுரம். பெங்களூரிலிருந்தெல்லாம் வந்திருக்கிறான்கள். என் வீட்டு வாசல்வரை வந்து பாறையைத் தள்ளிவிட்டு, மீன் வறுவல் தின்றுவிட்டுப் போயிருக்கிறான்கள். எல்லா நாய்களும் என்றால், நான் நாய்க் கணக்கில்கூட வரவில்லை. மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் யாராவது என்னைப் போட்டோ எடுக்கச் சொல்லி அதனால் நான் படத்தில் இல்லையோ என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். நான் அங்கே போகவில்லை என்பது எனக்கே நன்றாகத் தெரிந்திருந்தும் யோசித்தேன்.

வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. மனைவி, “நெலத்துல எதுனா தகராறா?” என்றாள்.

“ஆமா.”

“யாரோட?”

“எட்டுப் பேரு.”

அவள் பயந்துபோய் மேற்கொண்டு கேட்கவில்லை.

தேர்வு நாளன்று விடியும்போதே மகளும் நானும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, செங்கல்பட்டு பைபாஸில் விழுப்புரம் பஸ்ஸுக்கு நின்றோம். டீக்கடையில் இரண்டு டீ சொன்னேன். நான் டம்ளரைக் கையில் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அப்பா, டீ ஆறிடுச்சி,” என்றாள். “இன்னா நீ, ஒரு வாரமா சாப்பிடவும் மாட்டேங்கற. நான் போறதுக்கா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். ஆனால் தன்னால்தான் என்று அவள் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் பொய் வாயில் வரவில்லை. “இல்லம்மா. என் ஃப்ரெண்ட்ஸுங்க மகாபலிபுரம் வந்துட்டு என்னக் கூப்டாம போயிட்டானுங்க,” என்றேன். சொல்லிக் கேட்கும்போது எல்.கே.ஜி. பிள்ளையின் புகார் மாதிரி இருந்தது. ஆரம்பித்துவிட்டதால் பாறை, நாய், மீன் வறுவல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மீன் வறுவல் என் கற்பனை. அதையும் சேர்த்தே சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. டாக்டர் மாதிரிக் கேள்வி கேட்டாள்.

“அந்தப் போட்டோக்குக் கீழ நீ எதுனா எழுதினியா?”

“எழுதினேன்.”

“இன்னான்னு?”

“சூப்பர்ப். நைஸ் வெதர்.”

கண்ணை மூடிக்கொண்டாள். “ஐயோ அப்பா. எத்தினி வாட்டி போய்ப் பாத்த?”

“ரெண்டு மூணு வாட்டி.”

“உண்மையச் சொல்லு.”

“ரெண்டு மூணு வாட்டின்னு ஆரம்பிச்சேன். அப்புறம் எண்ணல.”

“யாரு வந்து பாத்தாங்கன்னு அவங்க பேஜ்ல மூஞ்சியோட காட்டும்பா!”

டம்ளரை டீக்கடைப் பெஞ்சில் வைத்தேன். “உனக்கு எப்பிடித் தெரியும்?”

“எப்பிடித் தெரியுமா? ஞாயித்துக்கெழம ஆனா உன் ஐ.டி. கார்டு மூஞ்சி என் பேஜ்ல வந்து நிக்கும். திங்கக்கெழம நான் தொறந்தா, நீ மொறைச்சிப் பாத்துகினு கீற. நெலத்தப் பாக்கப் போனேன்னு அம்மாகிட்ட சொல்லிகினு கீற.”

“நீ சொல்லவேயில்லையே?”

“யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிகினு ஜாலியா இருந்த. பாவம்னு வுட்டுட்டேன்.”

அதைச் சொல்லும்போது சிரித்துவிட்டாள். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரிப்பு. அந்தச் சத்தத்தை எங்கள் வீட்டில் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. “விழுப்புரம், விழுப்புரம்!” என்று ஒரு பஸ் வந்து நின்றது. நான் பையைத் தூக்கினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “அடுத்ததுல போலாம்பா,” என்றாள்.

அந்த இடைவெளியில்தான் சொன்னாள். எங்கள் குவார்ட்டர்ஸுக்கு இரண்டு பிளாக் தள்ளி இருந்த பெண், ஒன்றாகவே ஸ்கூல் போய் வருகிறவள், இவளைப் பற்றி டெஸ்டிமோனியல் எழுதியிருந்தாளாம். ‘எல்.கே.ஜி.யிலிருந்து இவள்தான் என் உயிர்’ என்று. தீபாவளிக்குப் பிறகு ஒருநாள் பார்த்தால் அது இல்லை. அழித்துவிட்டாள். சண்டை கிடையாது, காரணம் கிடையாது. ஸ்கூலில் கேட்டால் “சும்மாதான்” என்றாளாம். அடுத்த வாரம் திருவிடந்தைக் கடற்கரையில் அந்தப் பெண்ணின் பிறந்தநாள் படம், இவளைத் தவிர வகுப்பே நிற்கிறது. அப்புறம் ஒவ்வொருத்தியாக இவளிடம் பேச்சைக் குறைத்தார்கள்.

நான் ஞாயிறு ஞாயிறாக அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். அவளைத் தின்றது அங்கே இல்லாத ஒரு பத்தி. அதற்கு எந்தக் கோழி கூவும்?

“அப்ப நீ தெனமும் அதத் தொறந்து இன்னா பண்ணுவ?”

“நாகர்கோவில்ல ஒரு பொண்ணு கீறாப்பா. கணக்கு பீரியட்ல தூங்கறவங்களுக்குன்னு ஒரு குரூப்பு, அதுல பழக்கம். போன்ல கூடப் பேசிக்கீறேன், அவங்க அம்மாவும் பேசினாங்க. அவளையும் கிளாஸ்ல கழட்டி வுட்டுட்டாங்களாம். அவதான் தெனமும் எதுனா எழுதுவா. அந்த அரை மணி அதுக்குத்தான்.” பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். “அவளத்தான் நீ பட்டுப்பொடவைங்களோட வெச்சிப் பூட்டிட்ட.”

ஒரு லாரி போனது. இன்னொரு லாரி போனது. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லிக் கெடுத்திருப்பேன். “என்னப் பாரு,” என்றேன். “எட்டுப் பேருல ஒருத்தனுக்குக்கூட என் நெனப்பு வரலியே.”

“உன்ன மறந்துதானே போனாங்க. என்ன ஞாபகம் வெச்சிகினே வுட்டுட்டாங்க.”

“எனக்கு வயசு நாப்பத்தஞ்சு. இதெல்லாம் வரக்கூடாத வயசு. அதனால எனக்குத்தான் ஜாஸ்தி.”

“அவங்கல்லாம் பெங்களூர்ல கீறாங்க. எனக்கு ஸ்கூல் தொறந்தா மறுபடி அதே கிளாஸுப்பா.”

போட்டியில் தோற்றேன். அடுத்த பஸ்ஸும் வந்தது. கண்டக்டர் எங்களையும் பையையும் பார்த்து, “ஏறுங்க சார், வழிய அடைச்சிகினு நிக்காதீங்க!” என்று கத்தினார். மகள் அசையவில்லை.

“ஹாஸ்டல்ல அந்தப் பேஜு இருக்காது இல்லப்பா?”

“இருக்காது.”

“நாகர்கோவில்காரியும் இருக்கமாட்டா.”

“மாட்டா. நானும் இருக்கமாட்டேன்,” என்றேன். அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. எனக்குக் கிடைத்த நாலாவது வாக்கியம்.

பஸ் போய்விட்டது. “மணி இன்னாப்பா? இப்பப் போனா எழுத வுடுவாங்களா?”

“இனிமே கேட்ட மூடிடுவாங்க,” என்றேன். வேகமான பஸ் கிடைத்தால் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. அதை நான் வெளியில் விடவில்லை.

எதிர்ப்பக்கம் போய் ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஏறினோம். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். இரண்டு பிளாக் தள்ளியிருந்த பெண் அப்புறமும் பேசவில்லை. பிளஸ் ஒன்னில் மகள் வேறு பெஞ்சில், வேறு பிள்ளைகளோடு உட்காரப் பழகினாள். முகம் தொங்கிய நாட்களும் இருந்தன. அப்போதெல்லாம் நான் கேட்டேன். தப்பும் தவறுமாகத்தான், ஆனால் கேட்டேன்.

அன்று நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி அழுத கண்ணோடு கதவைத் திறந்து, இரண்டு பேரையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இன்னா, பரீட்ச எழுதலியா?”

“எழுதலம்மா. நான் போவல,” என்றாள் மகள். “பசிக்குது.”

மனைவி நேராகச் சமையலறைக்குப் போனாள். கல்லைப் போட்டாள். மகள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து தோசை கேட்டாள். தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள். மூன்றாவது தோசையைத் திருப்பிப் போடும்போது மனைவி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படி ஒரு மரியாதையோடு பார்த்ததில்லை. எப்படிப் பேசினாரோ, என்ன சொல்லித் திருப்பிக் கூட்டிவந்தாரோ என்கிற பார்வை. நான் செய்ததெல்லாம் என் நண்பர்கள் என்னை விட்டுவிட்டுப் போன கதையைச் சொல்லிப் புலம்பியதும், ஏறவேண்டிய பஸ்களைக் கோட்டைவிட்டதும்தான்.

அந்தப் பார்வையை நான் மறுக்கவில்லை. எனக்கும் ஒரு தோசை போடச் சொன்னேன்.